காப்புக் கட்டிய பிறகு ஒரு ஸ்கேன்

எய்யா,

நீயும் கோமதியும் ஓசூரில் வீடு பிடித்து, சாமான் இறக்கி, பால் பொங்கினதை வீடியோவில் காட்டியாயிற்று. இனிமேல் நான் போனில் எது சொன்னாலும் "சரிம்மா, சரிம்மா" என்பாய். உன் அப்பாவிடம் நீ ஒழுங்காகக் கற்றுக்கொண்டது அது ஒன்றுதான். அதனால்தான் எழுதுகிறேன். எழுத்துக்கு நடுவில் புகுந்து சரிம்மா போட முடியாதே. எல்லாரும் படிக்கிற மாதிரி எழுதட்டுமா என்று கேட்டதற்கு, "என் கால்தானம்மா, எழுது" என்றாய். கோமதியிடமும் கேட்டுக்கொண்டேன். "என்னப் பத்தி நல்லபடியா எழுதுங்க அத்தை" என்றாள். அவளைப் பற்றி வேறு எப்படி எழுத எனக்குக் கை வரும்?

கல்யாணமான மகனுக்குப் புத்தி சொல்லத்தான் உட்கார்ந்தேன். ஆனால் எங்கே தொடங்கினாலும் உன் இடது கால் முன்னால் வந்து நிற்கிறது. சரி, அதிலிருந்தே தொடங்கிவிடுகிறேன். உனக்குத் தெரிந்த கதைதான். ஆனால் நீ படுத்துக்கொண்டு பார்த்தாய், நான் நின்றுகொண்டு பார்த்தேன். நான் பார்த்தது உனக்குத் தெரியாது.

கல்யாணத்துக்குத் தேதி குறித்த சந்தோஷத்தில் கூட்டாளிகளோடு அய்யனார் கோவில் அருவிக்குப் போய், வழுக்குப் பாறையில் விழுந்து கணுக்கால் எலும்பை முறித்துக்கொண்டு வந்தாய். முழங்காலுக்குக் கீழே மாவுக்கட்டு போட்டார்கள். மாப்பிள்ளை நொண்டிக்கொண்டு மேடை ஏறுவானோ என்று நான் வேண்டாத சாமி இல்லை. நல்லவேளையாகக் கல்யாணத்துக்கு முன்னாலேயே கட்டைப் பிரித்தாயிற்று. அன்றைக்கு நம் வீட்டில் கேசரி கிண்டினேன். ரெண்டொரு நாளில் அந்தக் கால் வீங்க ஆரம்பித்தது. கெண்டைக்காலில் வலி என்றாய். பார்க்க வந்தவர்கள் எல்லாரும் ஒரே பாட்டைப் பாடினார்கள்: "கட்டுப் பிரிச்சா வீங்கத்தான் செய்யும், நடக்க நடக்க வடிஞ்சிரும்." பக்கத்து வீட்டு ராஜம்மா அக்கா கூட, "ஏமி காதும்மா, ஒண்ணும் ஆகாது" என்று தெலுங்கிலும் தமிழிலும் சேர்த்துச் சொல்லிவிட்டுப் போனார். நானும் அதே பாட்டில்தான் இருந்தேன். எல்லாரையும் விட உரக்கப் பாடினேன்.

ஏன் பாட மாட்டேன்? நம் வீடு பேண்டேஜ் வீடு. தறியிலிருந்து இறங்கி வெளுத்து வருகிற துணியை வெட்டி, சுருட்டி, பாக்கெட் போட்டு ஊர் ஊராக அனுப்புகிறவள் நான். எந்த ஊர் ஆஸ்பத்திரியில் எவன் காலில் கட்டு இருந்தாலும் அது என் கை பட்டதாக இருக்கலாம் என்று பெருமை பேசுகிறவள். பெற்ற பிள்ளையின் கால் வீங்கினால் சும்மா இருப்பேனா? இழுத்தால் நீளுகிற நல்ல கிரேப் பேண்டேஜாக ஒன்றை எடுத்து, பாதத்திலிருந்து முழங்கால் வரைக்கும் தினமும் காலையில் நானே சுற்றினேன். நீ வலிக்கிறது என்றாலும் விடவில்லை. இறுக்கிக் கட்டினால்தான் வீக்கம் இறங்கும் என்று எனக்குள்ளே ஒரு தீர்மானம். கட்டைப் பார்த்த என்னிடம் துணி சுருட்டுகிற பெண்கள், "எக்கா, பாக்கெட் மேல போடுற படம் மாதிரி இருக்கு" என்றார்கள். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

ஒன்றை மட்டும் நான் கவனித்தேன். முதல் நாள் முழங்காலுக்குக் கீழே வந்து முடிந்த அதே பேண்டேஜ், போகப்போக அங்கே வரைக்கும் எட்டவில்லை. துணி என்ன சுருங்கியா போயிற்று? துணியோடு பிறந்து துணியோடு வாழ்கிறவளுக்கு அந்த இடத்தில் மண்டையில் மணி அடித்திருக்க வேண்டும். அடிக்கவில்லை. எட்டவில்லை என்றதும் இன்னும் கொஞ்சம் இழுத்துக் கட்டினேன். எட்டிவிட்டது. எனக்கும் திருப்தி ஆகிவிட்டது.

உன் அப்பாதான் ஒருநாள் காபி டம்ளரை வைத்துவிட்டுச் சொன்னார். "நடந்தா வீங்கும்னா ரெண்டு காலும்ல வீங்கணும். ஒத்தக் கால் மட்டும் எதுக்கு இப்படி நிக்குது? எங்கயாவது கொண்டு போயி காட்டு." அவர் ஒரு நாளைக்குப் பேசுகிறதே கொஞ்சம். அதில் ஒன்று இப்படி உருப்படியாக வந்துவிட்டால் கேட்டுத்தானே ஆக வேண்டும்.

எங்கே காட்டுவது என்பதுதான் அப்போது எனக்குப் பெரிய கவலை. நமக்குச் சம்பந்தி மருந்துக்கடைக்காரர். ராஜபாளையத்தில் எந்த டாக்டர் எழுதினாலும் சீட்டு அவர் கடைக்குத்தான் போகும், எந்த லேப்பில் ரத்தம் எடுத்தாலும் எடுக்கிறவர் அவரோடு டீ குடிக்கிறவராக இருப்பார். நிச்சயம் பண்ணின மாப்பிள்ளைக்குக் காலில் என்னவோ என்று ஒரு பேச்சு கிளம்பினால், அது பெண் வீட்டுக்குப் போய்ச் சேரும்போது காலே இல்லை என்று ஆகியிருக்கும். நம் பக்கம் இந்த ஒரு பயத்தில்தானே முக்கால்வாசி நோயை மூடி வைக்கிறோம். அதனால் உன்னை பஸ்ஸில் ஏற்றி ஸ்ரீவில்லிபுத்தூருக்குக் கூட்டிக்கொண்டு போனேன். கோவிலுக்குப் போகிறோம் என்று சொல்லிக்கொண்டேன். பொய்யாகிவிடக் கூடாது என்று வாசலில் நின்று ஒரு கும்பிடும் போட்டேன்.

அங்கே பார்த்த டாக்டரம்மாவைப் பற்றித்தான் நான் எழுத வேண்டும். வேலை தெரிந்தவர்களைக் கண்டால் எனக்குச் சட்டென்று ஒரு மரியாதை வந்துவிடும். நான் இருபத்தைந்து வருஷத்துக்கு மேலாகக் கையால் வேலை பார்க்கிறவள், எனக்கு அது தெரியும். அந்தம்மா உள்ளே வந்ததும் சொன்ன முதல் வார்த்தை நினைவிருக்கிறதா? இடது கால் என்று நான் நீட்டச் சொன்னேன். "ரெண்டு காலையும் காட்டுங்க" என்றார். என் கட்டை அவரே பிரித்தார். அவசரமில்லை, இழுக்கவில்லை.

"யாரு கட்டுனது?"

"நாந்தான்" என்றேன்.

"சுருக்கம் இல்லாம கட்டியிருக்கீங்க. கை நல்லா ஓடியிருக்கு."

நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். அவர் உன் தோலில் பதிந்திருந்த பேண்டேஜ் தடத்தை விரலால் தடவிப் பார்த்தார். டேப்பை எடுத்து முழங்காலுக்குக் கீழே ஒரே அளவில் ரெண்டு காலிலும் புள்ளி வைத்து, சுற்றளவு எடுத்தார். பிறகு, "செத்த நேரம் காலத் தொங்கப் போட்டு வெளிய உக்காருங்க. பொறவு இன்னொரு தடவ அளக்கணும்" என்றார். ஒரு காலை ரெண்டு தடவை அளக்கிற டாக்டரை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். திரும்ப அளந்தபோது இடது கால் கூடியிருந்தது. மற்ற காலைவிட மூன்று சென்டிமீட்டருக்கும் மேலே. "அம்மா, உங்க கட்டு நல்ல கட்டு. அதான் இம்புட்டு வீக்கத்தையும் உள்ள அமுக்கி வச்சிருந்திருக்கு" என்றார். திட்டவில்லை. சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்குத்தான் நிமிர்ந்த முதுகு தானாக வளைந்தது.

பெருவிரலால் கணுக்காலுக்கு மேலே அழுத்தினார், குழி விழுந்தது, செத்த நேரம் அப்படியே நின்றது. கெண்டைக்கால் நடுவில் மேலிருந்து கீழே ஒரு கோடு மாதிரி தொட்டுக்கொண்டே வந்தார், நீ ஒரு இடத்தில் பல்லைக் கடித்தாய். மூச்சு வாங்குகிறதா, நெஞ்சு வலி உண்டா, இருமலில் ரத்தம் வந்ததா, இதற்கு முன்னால் இப்படி வந்திருக்கிறதா, வீட்டில் வேறு யாருக்காவது உண்டா என்று கேட்டுக்கொண்டே போனார். எல்லாவற்றுக்கும் நான் முந்திக்கொண்டு பதில் சொன்னேன். "அம்மா, மூச்சு அவர் விடுறாரு. அவரே சொல்லட்டும்" என்றார். நீ சிரிப்பை அடக்கியதை நான் பார்த்தேன்.

பிறகு அவர் கேட்டதுதான் என்னை உலுக்கிவிட்டது. "மாவுக்கட்டுக்குள்ள இத்தன நாளு இருந்த கால் வேல இல்லாம மெலிஞ்சுல்ல போயிருக்கணும்? இது ஏன் பருத்து நிக்குது?" நாம் எல்லாரும் அதே காலைத்தான் தினமும் பார்த்தோம். கட்டுப் பிரித்தால் வீங்கும் என்று ஒரு விடையைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்தோம். அவர் விடை இல்லாமல் பார்த்தார். அதனால் கேள்வி அவருக்குத் தெரிந்தது.

"காலுக்குள்ள ஆழத்துல ஓடுற ரத்தக்குழாய்ல ரத்தம் உறைஞ்சிருக்கலாம்" என்றார். அசையாமல் கிடக்கிற காலில் ரத்தம் மெதுவாகப் போகும், சில பேருக்கு உறைந்து கட்டியாகும், அந்தக் கட்டியில் ஒரு துண்டு கழன்று மேலே ஏறி நுரையீரலில் போய் அடைத்துக்கொண்டால் ஆபத்து என்று உன் முகத்தைப் பார்த்தே சொன்னார். "உசுருக்கா?" என்றேன். "ஆமாம்மா, உசுருக்குத்தான். அதனால குத்துமதிப்பா விட முடியாது." "அப்ப இது அதுதான்னு சொல்லுதீகளா?" "சந்தேகப்படுறேன்னு சொல்றேன். சந்தேகத்துக்கும் முடிவுக்கும் நடுவுல கொஞ்சம் வேல இருக்கு. அதப் பாத்துருவோம்."

அந்த வேலையை அவர் பார்த்த விதம் எனக்கு இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. ரத்தம் எடுக்கச் சொன்னார். எங்கேயாவது ரத்தம் உறைந்து கரைந்தால் அதன் தூள் ரத்தத்தில் மிதக்குமாம், அதைப் பார்க்கிற பரிசோதனை. வந்த அளவு அதிகம் என்றதும் நான் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டேன். "இத வச்சு மட்டும் அழாதீங்க. எலும்பு முறிஞ்சு கூடுன உடம்புலயும் இது கூடத்தான் இருக்கும். கொறச்சலா இருந்திருந்தா நமக்குப் பாதி கவல போயிருக்கும், அம்புட்டுதான்" என்றார். ஒரு காகிதத்தில் வந்த எண்ணுக்கு எவ்வளவு மதிப்புக் கொடுக்க வேண்டுமோ அவ்வளவுதான் கொடுத்தார், அதற்கு மேல் ஒரு பைசா கொடுக்கவில்லை.

ஸ்கேன் அறைக்கு அவரும் கூடவே வந்தார். அங்கே ஸ்கேன் பார்க்கிற டாக்டர் உன் தொடையிடுக்கில் பசையைத் தடவி, அந்தக் கருவியை வைத்ததும் திரையில் ரெண்டு கறுப்பு வட்டம் தெரிந்தது. ஒன்று துடித்துக்கொண்டிருந்தது, அது இதயத்திலிருந்து வருகிற குழாய். இன்னொன்று சும்மா இருந்தது, நமக்கு வேண்டியது அதுதான். கருவியால் லேசாக அமுக்கினார். சும்மா இருந்த வட்டம் கண் இமை மூடுகிற மாதிரி மூடிக்கொண்டது. "அமுக்குனா மூடணும். மூடுச்சுன்னா உள்ள கட்டி இல்ல" என்று டாக்டரம்மா எனக்குச் சொன்னார். அதன்பிறகு நானும் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. தொடை நெடுக அங்குலம் அங்குலமாக அமுக்கினார்கள், மூடியது. முழங்காலுக்குப் பின்னால் அமுக்கினார்கள், மூடியது. இவ்வளவு பெரிய ஆபத்தைக் கண்டுபிடிக்க இவ்வளவு எளிதான ஒரு வழியை யாரோ யோசித்திருக்கிறார்களே என்று அந்தப் பதற்றத்திலும் எனக்கு வியப்பாக இருந்தது. ஊசி இல்லை, கத்தி இல்லை. அமுக்கிப் பார், மூடுகிறதா பார்.

எல்லாம் மூடிக்கொண்டது என்றதும் நான் எழுந்து கையெடுத்துக் கும்பிட்டேன். அவர் உட்காரச் சொன்னார். "இன்னைக்கு முழங்காலுக்கு மேல கட்டி தெரியல. ஆனா கெண்டைக்கால்ல சின்னச் சின்னக் குழாயா நெறைய இருக்கு. அதுல ஒளிஞ்சிருந்தா சரியா சிக்காது. அது மேல ஏறுறதா இருந்தா ஒரு வாரத்துக்குள்ள ஏறிரும். அடுத்த வாரம் இதே கிழமை வாங்க, திரும்பப் பாப்போம். அதுவரைக்கும் எண்ண போட்டு நீவக் கூடாது. இந்தக் கட்டும் வேண்டாம். மூச்சு வாங்குனாலோ நெஞ்சு வலிச்சாலோ அந்த நிமிசமே வந்துரணும்."

"நல்லாருக்குன்னுட்டுத் திரும்ப வரச் சொல்லுதீகளே?"

"நல்லாருக்குன்னு நான் சொல்லலம்மா. இன்னைக்குத் தெரியலன்னு சொன்னேன்."

எனக்கு அந்த வித்தியாசம் காதில் விழுந்தது, மண்டையில் ஏறவில்லை. பஸ் ஏறுவதற்கு முன்னால் பால்கோவா வாங்கினேன். நீ வேண்டாம் என்றாய், இருந்தாலும் வாங்கினேன். பஸ்ஸில் கிழமையை எண்ணிப் பார்த்தபோதுதான் தெரிந்தது, அடுத்த வாரம் இதே கிழமைக்கு முந்தின நாள் நம் வீட்டில் பந்தக்கால் ஊன்றி உனக்குக் காப்புக் கட்டுகிற நாள். காப்புக் கட்டின மாப்பிள்ளை ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது. அப்படியானால் அந்த ஸ்கேன் கிடையாது என்று ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டே முடிவு பண்ணிவிட்டேன். உன்னிடம் சொல்லக்கூட இல்லை. அந்த வாரம் உன் வலியும் கொஞ்சம் குறைந்தது. பத்திரிகை, பந்தல், பலகாரம் என்று வீடு அல்லோலப்பட்டது. நான் அந்த டாக்டரம்மாவை மறந்தே போனேன்.

நீ மறக்கவில்லை. காப்புக் கட்டின மறுநாள் காலையில் மஞ்சள் துணி சுற்றின கையோடு சட்டையை மாட்டிக்கொண்டு வந்து நின்றாய். உன் மாமா, என் அண்ணன், முதல் நாள் தன் கையால் அந்தக் காப்பைக் கட்டினவர், பந்தலுக்குக் கீழே நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். "எங்கலே கெளம்பிட்ட?" என்றார். ஸ்ரீவில்லிபுத்தூருக்கு ஸ்கேன் எடுக்க என்றாய். கால் விஷயம் முழுக்க அவருக்கே அப்போதுதான் தெரிந்தது.

"காப்பு கட்டுன கையோட எல்லை தாண்டுறதா? ஏலே, அப்படி நம்ம வீட்டுல எவனும் செஞ்சதில்ல. ஏதாவது ஒண்ணு ஆகிப் போச்சுன்னா காலத்துக்கும் சொல்லிக் காட்டுவாக."

நானும் அவர் பக்கம்தான் நின்றேன். "கல்யாணம் முடிஞ்ச மறுநாளே போயிருவோம்யா. இன்னும் எம்புட்டு நாளு இருக்கு? வலியும் இல்லங்கியே."

நீ குரலை உயர்த்தவில்லை. "எம்மா, டாக்டரம்மா தெரியலன்னுதான் சொன்னாக. இல்லன்னு சொல்லல. நீயும் பக்கத்துலதான நின்ன" என்றாய்.

நீ ஆறாம் வகுப்புப் படிக்கும்போது பேண்டேஜ் சுருட்டுகிற நம் மெஷின் நின்றுபோனது உனக்கு நினைவிருக்காது. அப்பா அதன் தலையில் ரெண்டு தட்டுத் தட்டினார், ஓடிவிட்டது. எல்லாரும் வேலையைப் பார்க்கப் போய்விட்டோம். நீ மட்டும் அதன் முன்னால் குத்தவைத்து உட்கார்ந்துகொண்டு, ஏன் நின்றது என்று கேட்டாய். அதான் ஓடுதேலே என்றேன். ஏன் நின்றது என்று தெரியாமல் எப்படி விடுவது என்றாய். அன்றைக்கு உன்னைப் பிழைக்கத் தெரியாத பிள்ளை என்று நினைத்தேன். பந்தலுக்குக் கீழே நீ நின்ற அந்த நேரத்தில், இந்தப் பிள்ளையை நானா பெற்றேன் என்று எனக்கு மலைப்பாக இருந்தது. ஆனாலும் வாய் விட்டுச் சரி என்று சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை.

அப்போதுதான் நீ போனை எடுத்துக் கோமதியைக் கூப்பிட்டாய். எங்கள் முன்னாலேயே, ஸ்பீக்கரில் போட்டு. கால் வீங்கினது, ஸ்ரீவில்லிபுத்தூர் போனது, அவள் வீட்டுக்குத் தெரியக் கூடாதென்றுதான் ஊர் மாறிப் போனோம் என்பது வரைக்கும் எல்லாவற்றையும் சொன்னாய். ரத்தம் உறைந்திருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம், இன்றைக்குப் பார்த்தால்தான் தெரியும் என்றாய். போச்சு, கல்யாணம் நின்றது என்று பந்தக்காலைப் பிடித்துக்கொண்டேன். அந்தப் பக்கமிருந்து கோமதி, "செத்த நேரம் இருங்க, நாங்க வாரோம்" என்றாள். வைத்துவிட்டாள்.

வந்து நின்ற காரை ஓட்டிக்கொண்டு வந்தவர் சம்பந்தி. பின்னால் கோமதி, முகத்தில் மஞ்சள், கையில் அவளுக்குக் கட்டின காப்பு. அவர் இறங்கி நேராக என்னிடம் வந்தார். "மருந்துக்கடைக்காரனுக்குத் தெரியக் கூடாதுன்னு மருந்துக்கு ஊர் மாறிப் போனியளா மதினி? நல்ல சம்பந்தம் பண்ணுனேன் போங்க" என்றார். திட்டுகிற குரலில்தான் சொன்னார், ஆனால் கண் உன் காலில்தான் இருந்தது. என் அண்ணன் எழுந்துவிட்டார். "பொண்ணும் கெளம்பிருச்சா? ரெண்டு காப்பும் எல்லை தாண்டுறதா?"

கோமதி அவர் முன்னால் வந்து நின்றாள். "மாமா, ஒருத்தர் மட்டும் தாண்டிப் போனாத்தான பயம்? சேந்தே போயிட்டுச் சேந்தே வந்துருதோம். நீங்களும் கூட வாங்க, எல்லையில என்ன செய்யணுமோ செஞ்சு கூட்டிட்டுப் போங்க."

அவரை நீ அறிவாய். வீம்பு பிடித்தால் இறங்க மாட்டார். அவர் அந்தப் பிள்ளையை ஒரு பார்வை பார்த்தார். உள்ளே போய் ஒரு தேங்காயும் ரெண்டு எலுமிச்சம்பழமும் எடுத்துக்கொண்டு வந்து முன் சீட்டில் ஏறினார். ஊர் எல்லையில் காரை நிறுத்தச் சொல்லி, தேங்காயைத் தரையில் சிதற அடித்து விடலை போட்டு, பழங்களை உங்கள் ரெண்டு பேர் கையிலும் கொடுத்து, "இப்ப போ" என்றார். என் அண்ணனை நான் அவ்வளவு மதித்தது அன்றைக்குத்தான்.

ஸ்கேன் அறைக்குள் இந்த முறை கோமதியும் வந்தாள். தொடையில் அமுக்கினார்கள், மூடியது. கீழே கீழே வந்தார்கள், மூடிக்கொண்டே வந்தது. நான் திரும்பிச் சிரிக்கக்கூடத் தயாராகிவிட்டேன். முழங்காலுக்குப் பின்னால் வந்ததும் அந்த வட்டம் மூடவில்லை. திரும்ப அமுக்கினார். இன்னும் கொஞ்சம் அழுத்தினார். துடிக்கிற குழாய்கூட அந்த அழுத்தத்தில் நெளிந்தது. அது மட்டும் அப்படியே உருண்டையாக நின்றது. போன வாரம் இதே இடத்தில் அது மூடினதை என் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

"மூடலையே" என்றாள் கோமதி, மெதுவாக.

"ஆமா. இங்கதான் இருக்கு" என்றார் டாக்டரம்மா.

சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நான் சொன்னேன் பார்த்தீர்களா என்று அவர் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அந்தம்மா முகத்தில் ஜெயித்த மாதிரி ஒன்றுமே இல்லை. உன் தோளில் கை வைத்து, "தெரியாம இருந்ததுதான் பயம். இப்ப தெரிஞ்சு போச்சு, இதுக்கு மருந்து இருக்கு" என்றார். முதல் மாத்திரையை அங்கேயே, அந்த நேரத்திலேயே போட வைத்தார். சம்பந்தி பழக்க தோஷத்தில் அட்டையைத் திருப்பித் தேதி பார்த்துவிட்டுத்தான் கொடுத்தார்.

"கல்யாணத்தத் தள்ளி வைக்கணுமாம்மா?" என்று நான் கேட்டேன்.

"மாத்திரையத் தள்ளி வைக்கக் கூடாது. கல்யாணத்துக்கு ஒண்ணுமில்ல. ரொம்ப நேரம் சம்மணம் போட்டு உக்கார வேண்டாம், அப்பப்ப எந்திரிச்சு நடக்கட்டும். வலி மாத்திரை எதையும் கேக்காம முழுங்கக் கூடாது. எங்கயாவது ரத்தம் கசிஞ்சா உடனே சொல்லணும்."

அதனால்தான் நீ மணமேடையில் நாற்காலியில் உட்கார்ந்து தாலி கட்டினாய். மாப்பிள்ளைக்குக் காலில் என்ன என்று கேட்டவர்களிடம் எல்லாம் நானே சொன்னேன். ரத்தம் உறைந்திருக்கிறது, மருந்து சாப்பிடுகிறான் என்று. மூடி மறைக்க எனக்கு மனசு வரவில்லை. ரெண்டு பேர் சாப்பாட்டுக்குப் பிறகு என்னை ஓரமாகக் கூப்பிட்டு, ஒற்றைக் கால் வீக்கம் என்றால் எங்கே காட்டினீர்கள் என்று விசாரித்துக்கொண்டு போனார்கள்.

இனி புத்தி. நீ செய்ததையே உனக்குத் திருப்பிச் சொல்வதைத் தவிர எனக்கு வேறு வழி தெரியவில்லை. கோமதியிடம் எதையும் உறுதியான பிறகு சொல்லலாம் என்று வைத்துக்கொள்ளாதே. சந்தேகமாக இருக்கும்போதே சொல்லிவிடு. வேலையில் பிரச்சினை என்றாலும், பணமுடை என்றாலும், மனசு சரியில்லை என்றாலும் அன்றைக்குப் போனை எடுத்த மாதிரி எடு. முடிவு தெரிந்த பிறகு சொன்னால் அது செய்தி. தெரியாதபோது சொன்னால்தான் அவளும் கூட வண்டியில் ஏற முடியும். உனக்கு வாய்த்த பெண் ஏறுகிற பெண். உன் சம்பளத்தைவிட, நீ படித்த படிப்பைவிட, எனக்கு நிம்மதி தருவது அதுதான். அவளை ஒருநாளும் எடுத்தெறிந்து பேசாதே. பேசினாய் என்று தெரிந்தால் நான் அவள் பக்கம்தான் நிற்பேன், இப்போதே சொல்லிவிட்டேன்.

மாத்திரையை டாக்டரம்மா நிறுத்தச் சொல்லும்வரை நிறுத்தாதே. வீக்கம் வடிந்துவிட்டது, வலி இல்லை என்று நீயாக முடிவு பண்ணாதே. கம்பெனி வேலையாக வெளியூர் போகும்போது வண்டியை நிறுத்தி இறங்கி நட. நான் போனில் கால் எப்படி இருக்கிறது என்று கேட்டால் நல்லாருக்கு என்று சொல்லாதே. இன்றைக்கு இப்படி இருக்கிறது என்று சொல். நல்லாருக்கு என்ற வார்த்தையை நான் இப்போது அவ்வளவு சீக்கிரம் நம்புவதில்லை.

இதை போனில் அனுப்பிவிடுகிறேன் என்றார் அப்பா. வேண்டாம், தபாலில்தான் அனுப்ப வேண்டும் என்று சொல்லிவிட்டேன். கோமதியிடம் உங்கள் முகவரியைக் கேட்டு வாங்கிக் கவரின் மேல் எழுத உட்கார்ந்தேன். உன் பேரை எழுதினேன். அதற்குக் கீழே அவள் பேர், கதவு எண், தெரு, ஓசூர். எழுதிக்கொண்டிருக்கும்போதே கை நின்றுவிட்டது. காப்புக் கட்டின மறுநாள், நான் சொன்ன பேச்சைத் தட்டாத பிள்ளையாக நீ பந்தலுக்குள்ளேயே இருந்திருந்தால், இந்தக் கவரில் எழுத எனக்கு ஒரு முகவரி இருந்திருக்குமா என்று தோன்றியது. அழுதுவிட்டேன். அப்பா பயந்துபோய் என்ன என்று கேட்டார். ஒன்றுமில்லை, நம் பிள்ளை என் பேச்சைக் கேட்கவில்லை என்றேன்.